ராகப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பாளையங்கோட்டை டெனர்

பாமாலை, அதாவது கோவிலில் பாடும் ஞானப்பாட்டுகள், பாடி வளர்ந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பாட்டின் வரிகளை எழுதியவர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். ராகம் அமைத்தவர், அதை நான்கு குரலுக்கு (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்) பிரித்து எழுதியவர், இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராகப் புத்தகத்தில் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். அவ்வளவுதான். அந்தப் பெயர் உங்களுக்கு ஓர் ஆளாகத் தெரிந்த சமயம் உண்டா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் குரல் உடைந்தது. அதுவரை சோப்ரானோ பெஞ்சில் நான்தான் முதல் ஆள். ஒரு சனிக்கிழமை பயிற்சியில் பாடகர் குழுவை நடத்தும் அண்ணாச்சி கையைத் தூக்கி ஆர்கனை நிறுத்தச் சொன்னார். "ஏல, உனக்குத் தொண்ட கட்டல. வயசு வந்துட்டு. பின்னால டெனர் பெஞ்சுக்குப் போ" என்றார். அன்று வீட்டுக்கு அழுதுகொண்டே போனேன். ராகம் முழுவதும் சோப்ரானோவுக்கு. டெனருக்குக் கிடைப்பதோ சுற்றிச் சுற்றி மூன்று சுரம். வீட்டில் பாடிப் பழகினால் அம்மாவுக்கு என்ன பாட்டு என்றே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, மாலை ஆராதனைக்கு 'இந்நாள் வரைக்கும் கர்த்தரே' பாட்டை எடுத்தோம். முதல் வரியில் எட்டு அசை. இந், நாள், வ, ரைக் என்று முதல் நான்கைப் பாடும்வரை வழக்கம்போல ஒட்டாத ஏதோ ஒரு வரிதான். ஐந்தாவது அசையான 'கும்' வந்ததும் என் தாளில் டோ டோ டி டோ (நம் ச ச நி ச மாதிரி) என்று இருந்தது. பாடிக்கொண்டே இருக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. அது ராகம். சோப்ரானோ சற்று முன்பு பாடியதே தான், நான்கு தட்டு தள்ளி, என் வாயில் வருகிறது. அவர்கள் அடுத்த வரிக்குப் போக, நாங்கள் பின்னாலேயே அதே வழியில் போகிறோம். கடைசிவரை அப்படித்தான். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டுமென்றேதான் அந்தப் பாட்டை எடுத்திருக்கிறார் என்று இன்றும் நம்புகிறேன்.

பயிற்சி முடிந்ததும் அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தேன். தாமஸ் டாலிஸ். 1567 வாக்கில் பேராயர் மேத்யூ பார்க்கர் ஆங்கிலத்தில் செய்யுளாக்கிய வேதாகமச் சங்கீதப் புத்தகத்துக்கு அவர் கொடுத்த ஒன்பது ராகங்களில் இது ஒன்று. எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, முதலாம் எலிசபெத் என்று நான்கு ஆட்சிகளில் அரண்மனைத் தேவாலயத்தில் பாட்டு அமைத்தவர். ராஜா மாறினால் ஆராதனை மொழியே மாறும். லத்தீனிலும் எழுதினார், ஆங்கிலத்திலும் எழுதினார். 1585-ல் இறந்தார்.

அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. ஜனங்கள் தனியாகப் பாடும்போது டெனரைப் பாட வேண்டும், மற்ற குரல்கள் பெரிய பாடகர் குழுக்களுக்கு என்று அந்தப் பழைய புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சபைக்குரிய ராகம் டெனரில்தான் இருந்தது. பதினான்கு வயதில் இது தெரிந்திருந்தால் அழுதிருக்கவே மாட்டேன்.

நாகர்கோவில், இப்போது லண்டன் (அக்கா)

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் லண்டன் கிறிஸ்மஸ் ஞாபகம் வந்துவிட்டது. நர்ஸ் வேலைக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. குளிர், இருட்டு, யாரையும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோவிலில் கேரல் ஆராதனை என்று தனியாகப் போனேன். கையில் கொடுத்த தாளில் 'ஓ பெத்லெகேமே சிற்றூரே' பாட்டின் ஆங்கில மூலம். அப்பாடா, இது நம்ம பாட்டு என்று இருந்தது. ஆர்கன்காரர் ஒரு வரி வாசித்தார், என் காதில் அது விழவே இல்லை. எல்லோரும் எழுந்ததும் நான் உரக்க, ஊரில் பாடும் ராகத்தில் ஆரம்பித்துவிட்டேன். மொத்தக் கோவிலும் வேறொரு ராகத்தில் பாடுகிறது. வாயை மூடிக்கொண்டு மீதிப் பாட்டுக்குத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு தெரிந்தும் பாட முடியவில்லை என்பதுதான் தாங்கவில்லை.

முன் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்து, "நீ பாடியது அமெரிக்க ராகம். இங்கே எங்களுடையது வேறு" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

நம்முடையது லூயிஸ் ரெட்னர் அமைத்தது. ஃபிலடெல்ஃபியாவில் வீடு, நிலம் வாங்கி விற்கும் தரகர், ஹோலி டிரினிட்டி கோவிலின் ஆர்கன்காரரும் அவரே. 1868 கிறிஸ்மஸுக்கு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்தக் கோவிலின் குரு ஃபிலிப்ஸ் புரூக்ஸ் எழுதிய வரிகளை இவரிடம் கொடுத்திருந்தார். சனிக்கிழமை ராத்திரிவரை ஒன்றும் அமையவில்லை. தூக்கத்தில் காதில் ராகம் கேட்க, எழுந்து மேல் குரலை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் படுத்தார். மற்ற குரல்களை ஞாயிறு காலை கோவிலுக்குக் கிளம்பும் முன் போட்டார். அந்த ஒரு கிறிஸ்மஸோடு பாட்டு போய்விடும் என்றுதான் இருவருமே நினைத்திருந்தார்கள்.

இங்கே பாடுவது ரால்ஃப் வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர் கொடுத்த ராகம். அவர் புதிதாக அமைக்கவில்லை. 1903-ல் சர்ரே மாவட்டத்தில் ஃபாரஸ்ட் கிரீன் என்ற ஊரில் ஒரு பெரியவர் பாடிய நாட்டுப்பாட்டைக் குறித்துக்கொண்டார். ஏர் ஓட்டும் பையன் காணும் கனவைப் பற்றிய பாட்டு. 1906-ல் வந்த ஆங்கிலப் பாமாலைத் தொகுப்புக்கு இசை ஆசிரியராக இருந்தபோது, அதைத் தேவாலயத்துக்கு ஏற்றபடி சீர் செய்து, ஊரின் பெயரையே ராகத்துக்கும் வைத்தார். வயல்காட்டுப் பாட்டு கோவிலுக்குள் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம் ஊரில் நாற்று நடும்போது பாடுகிறவர்களிடம் இருந்து யாராவது இப்படி எடுத்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது இரண்டு ராகமும் எனக்குப் பழக்கம். என் மகள் இங்கே பாடும் ராகத்தைத்தான் 'நம்ம ராகம்' என்கிறாள். சரி, இருக்கட்டும்.

ஆர்கன் வாசிப்பவன்

சுருக்கமாக ஒன்று. 'கேள், ஜென்மித்த ராயர்க்கே' பாட்டின் ராகத்துக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் பெயரை மட்டும் சொல்கிறோம். அச்சுக்கலையின் 400-ஆம் ஆண்டு விழாவுக்காக, கூட்டன்பர்க்கைப் புகழ்ந்து, 1840-ல் லைப்சிக்கில் அரங்கேறிய படைப்பின் ஒரு பகுதி அது. ஆண் குரல்களும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்தது. பக்திப் பாட்டுக்கு இது பொருந்தாது என்று மெண்டல்சனே எழுதியிருக்கிறார். அவர் 1847-ல் இறந்து, எட்டு வருஷம் கழித்து, வில்லியம் கம்மிங்ஸ் என்ற இளம் ஆர்கன்காரர் அதை எடுத்து, 1739-ல் வெளிவந்த சார்லஸ் வெஸ்லியின் பாட்டோடு பொருத்தினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. நான் வாசிக்கப் பழகிய புத்தகத்தில் அவர் பெயரே இல்லை. பென்சிலால் நானே எழுதிவைத்தேன்.

நியூகாசிலில் இருந்து ஒரு பேஸ்

டைக்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜான் பாக்கஸ் டைக்ஸ், 1823 முதல் 1876 வரை. 'தூய தூய தூயா' பாட்டின் ராகம் அவருடையது. டோ டோ, மி மி, சோ சோ. மூன்று முறை தூய, மூன்று படி. தமிழிலும் ஒவ்வொரு சொல்லும் இரண்டு அசையாக இருப்பதால் அப்படியே வந்து உட்காருகிறது. பிதா, குமாரன், ஆவி என்ற திரித்துவத்தைப் பாடும் பாட்டு என்பதால், 325-ல் கூடிய நிசேயா திருச்சபைச் சங்கத்தின் பெயரையே ராகத்துக்கு வைத்தார்கள்.

அவர் டர்ஹாமில் புனித ஆஸ்வால்ட் கோவிலின் குருவாக இருந்தவர். இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம். போன வருஷம் ஒரு சனிக்கிழமை போனேன். முந்நூறு வரை ராகம் எழுதிய மனிதர், பெரிய நினைவுச் சின்னம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை இப்போது பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். அடையாளத்தோடு மிஞ்சியிருப்பது அவருடைய கல்லறை மட்டும்தான். 1870-ல் பத்து வயதில் செங்காய்ச்சலில் போன அவருடைய கடைசி மகள் மேபெலும் அதே கல்லறையில்தான் இருக்கிறாள்.

அவருடைய கடைசி வருஷங்கள் நன்றாக இல்லை. ஆராதனை முறை பற்றிய தகராறில், உதவி குருவை நியமிக்கப் பேராயர் சம்மதிக்கவில்லை. பெரிய சபையின் வேலை முழுவதும் இவர் தலையில். உடம்பும் மனசும் விட்டுப்போய் ஐம்பத்து இரண்டு வயதில் இறந்தார். நான் அங்கே நிற்கும்போது இரண்டு பிள்ளைகள் கல்லறையைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அம்மா கூப்பிட்டு அதட்டினாள். பரவாயில்லை, விளையாடட்டும் என்றேன்.

அவர்கள் போன பிறகு மெதுவாகப் பாடினேன். தமிழில்தான், முதல் கண்ணி மட்டும். இரண்டாவது வரியில் என்னை அறியாமலே பேஸுக்கு இறங்கிவிட்டேன், இருபது வருஷப் பழக்கம். தனி ஆள் பாடும் பேஸ் பாட்டு மாதிரியே இருக்காது. இந்தப் பக்கம் யாராவது வந்தால் சொல்லுங்கள். ஒரு சோப்ரானோ, ஓர் ஆல்ட்டோ, பாளையங்கோட்டைத் தம்பி டெனருக்கு. இன்னொரு முறை போய் முழுசாகப் பாடிவிட்டு வரலாம்.