அடையாள அட்டை கேட்பது வாக்குரிமைப் பறிப்பா? (ஜார்ஜியா, அக்டோபர் 2024)

கம்மிங்வாசி (16 அக்டோபர், காலை)

நேற்று ஜார்ஜியாவில் முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கியது. முதல் நாளே 3 லட்சத்துக்கு மேல் வாக்குகள். 2020-இன் முதல் நாள் சாதனை சுமார் 1,36,000 தான்.

இந்த மாநிலம் 2021 மார்ச்சில் கொண்டுவந்த தேர்தல் சட்டத்தைத்தான் பைடன் '21-ஆம் நூற்றாண்டின் ஜிம் க்ரோ' என்றார். அதாவது எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும் வைத்துத் தெற்கு மாநிலங்கள் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கே வரவிடாமல் செய்த காலத்தோடு ஒப்பிட்டார். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேஸ்பால் லீக் தன் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து டென்வருக்கு மாற்றியது. நஷ்டம் யாருக்கு? அட்லாண்டாவின் ஓட்டல்காரர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும்.

சட்டத்தில் இருந்தது என்ன? தபால் வாக்குக்குக் கையெழுத்தை ஒப்பிடுவதற்குப் பதில் ஓட்டுநர் உரிம எண் அல்லது வேறு அடையாளம். இரண்டு சனிக்கிழமைகளில் கட்டாய முன்கூட்டிய வாக்குப்பதிவு. 2022 தேர்தலுக்குப் பின் ஜார்ஜியா பல்கலைக்கழகம் கருத்துக்கணிப்பு எடுத்தபோது, வாக்களித்த அனுபவம் மோசம் என்று சொன்ன கறுப்பின வாக்காளர்கள் 0 சதவீதம். இனியாவது அந்த வசனத்தை மூட்டை கட்டி வைக்கலாமே?

ஆஸ்டின் மீனா

கூட்டம் வந்தது என்பதாலேயே சட்டம் நல்லது ஆகிவிடாது. 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் வெறும் 11,779 வாக்குகளில் பைடனிடம் தோற்ற மாநிலம் இது. இரண்டு கட்சிகளும் பணத்தைக் கொட்டுகின்றன, வரத்தான் செய்வார்கள். ஆனால் 2022-இல் வெள்ளையர், கறுப்பினத்தவர் வாக்குப்பதிவு இடைவெளி 2018-ஐ விட அதிகமானது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சட்டம் வந்த நேரத்தையும் பாருங்கள். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப், ஜார்ஜியாவின் தேர்தல் பொறுப்பாளரான மாநிலச் செயலாளர் ராஃபன்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு 11,780 வாக்குகளைக் 'கண்டுபிடிக்க'ச் சொல்கிறார். அவர் மறுக்கிறார். மார்ச்சில் வந்த சட்டம், மாநிலத் தேர்தல் வாரியத் தலைவர் பதவியிலிருந்து அவரை எடுத்துவிடுகிறது. அந்த வாரியம் போன மாதம் என்ன செய்தது? வாக்குச்சீட்டுகளைச் சாவடியிலேயே கையால் எண்ண வேண்டும் என்று 3-க்கு 2 என்ற கணக்கில் விதி போட்டது. குடியரசுக் கட்சிக்காரரான ராஃபன்ஸ்பெர்கரே வேண்டாம் என்றார். நேற்று நீதிபதி தடுத்துவிட்டார். நீங்கள் கொண்டாடும் அதே நாளில்!

கம்மிங்வாசி

கை எண்ணிக்கை விதிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது விதியை மாற்றுவதை எந்தப் பழமைவாதியும் ஏற்கக் கூடாது. ஆனால் அது வேறு, அடையாள அட்டை வேறு. இந்தியாவில் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் 1990-களிலேயே புகைப்பட அட்டை கொண்டுவந்தார். அவரை யாராவது ஜிம் க்ரோ என்றார்களா?

டல்லாஸ் பாண்டியன்

அதேதான் சார். 2008-இல் இந்தியானா மாநிலத்தின் அட்டைச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று ஏற்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ், லிபரல் அணியின் மூத்தவர். 2005-இல் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இணைத்தலைவராக இருந்த குழுவும் புகைப்பட அட்டையைப் பரிந்துரைத்தது. ஆனால் கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் பீச் நகர மக்கள் அட்டை வேண்டும் என்று வாக்களித்தால், உள்ளூராட்சிகள் அப்படிக் கேட்கவே கூடாது என்று போன மாதம் மாநில ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போடுகிறார். இதில் எது ஜனநாயகம்?

ஆஸ்டின் மீனா

பாண்டியன், உங்கள் மாநிலமும் என் மாநிலமும் ஒன்றுதான். டெக்ஸாஸ் சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. ஆள் அடையாளம்தான் நோக்கம் என்றால் இந்த வேறுபாடு எதற்கு? வட கரோலினாவில் எந்த இனத்தவர் எந்த முறையில் வாக்களிக்கிறார்கள் என்று தரவு வாங்கி வைத்துக்கொண்டே 2013-இல் சட்டம் எழுதினார்கள். கறுப்பினத்தவரை அறுவை சிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைத்திருக்கிறது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சேஷன் சார் அட்டை கேட்டார், சரி. அட்டையைக் கொடுக்கும் பொறுப்பும் தேர்தல் ஆணையத்திடம்தான் இருந்தது. இங்கே தேசிய அடையாள அட்டையே கிடையாது. கொண்டுவரலாம் என்றால் முதலில் எதிர்ப்பவர்கள் உங்கள் பழமைவாதிகள்தான்.

மினியாபொலிஸ் குமார்

இருவருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். 2008 முதல் 2018 வரை நாடு முழுவதும் தரவு எடுத்து இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கடுமையான அட்டைச் சட்டங்களால் வாக்குப்பதிவு குறையவில்லை. மோசடியும் குறையவில்லை. தேர்தல் மேல் மக்களுக்கு நம்பிக்கையும் கூடவில்லை. உண்மையான மோசடி நடந்த இடம் வட கரோலினாவின் 9-ஆவது தொகுதி, 2018. தபால் வாக்குகளில் தில்லுமுல்லு, செய்தவர் குடியரசுக் கட்சி வேட்பாளருக்காக வேலை பார்த்தவர். தேர்தலையே மறுபடி நடத்தினார்கள். சாவடியில் அட்டை கேட்டிருந்தால் அதைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் இந்தப் பயத்தைக் காட்டி இரண்டு கட்சிகளும் நன்கொடை கேட்டு அனுப்பும் மின்னஞ்சல் இருக்கிறதே, அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

கம்மிங்வாசி

குமார் சொன்ன ஆய்வு எங்கள் வாதத்துக்குத்தான் பலம். யாரையும் தடுக்கவில்லை என்றால் 'பறிப்பு' எங்கே?

எங்கள் குடியரசுக் கட்சிப் பக்கத்திடம் எனக்கு வேறு கோபம் இருக்கிறது. 2020-இல் தபால் வாக்கே மோசடி என்று நம் ஆட்களிடமே சொல்லிச் சொல்லி, 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் இரண்டு செனட் இடங்களையும் தோற்றோம். கிராமப்புறத்தில் நம்மவர்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். செனட்டே கைவிட்டுப் போனது. இப்போது அதே கட்சி 'முன்கூட்டியே போய் வாக்களியுங்கள்' என்று கெஞ்சுகிறது. நேற்றைய கூட்டத்தில் பாதிக் காரணம் அந்த மனமாற்றம்தான் என்று நினைக்கிறேன். தேர்தல்மீது நம்பிக்கையைக் கெடுத்தால் முதல் அடி நமக்கே என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

ஆஸ்டின் மீனா

அப்படியானால் வாக்காளராகப் பதியவே குடியுரிமைச் சான்று கேட்கும் சேவ் மசோதாவையும் எதிர்ப்பீர்களா? ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார்கள், செப்டம்பரில் அதை வரவு செலவு மசோதாவோடு ஒட்டப் பார்த்துத் தோற்றார்கள். கான்சாஸ் மாநிலம் இதைத்தான் 2013 முதல் செய்தது. சுமார் 31,000 பேரின் பதிவு நின்றுபோனது, பெரும்பாலோர் குடிமக்கள். நீதிமன்றம் ரத்து செய்தது.

டல்லாஸ் பாண்டியன்

நான் ஆதரிக்கிறேன். கான்சாஸ் சரியாக நடத்தவில்லை என்பதற்காகக் கொள்கை தப்பாகிவிடாது. குடியுரிமை வாங்க இத்தனை வருஷம் வரிசையில் நின்றவன் நான். சான்று காட்டச் சொன்னால் காட்டிவிட்டுப் போகிறேன்.

ஆஸ்டின் மீனா

உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறது பாண்டியன். இங்கேயே பிறந்து, பாஸ்போர்ட்டே எடுக்காமல், கல்யாணத்துக்குப் பிறகு பெயரும் மாறிவிட்ட பெண் பிறப்புச் சான்றிதழில் எந்தப் பெயரைக் காட்டுவார்? பெயர் மாறியவர்களுக்கென்றே அந்த மசோதாவில் தனி வரி இருந்தால் எடுத்துப் போடுங்கள்.