லாங் ஆன்ல ஆக்காட்டி முட்டை, டோர்னமென்ட்ட என்ன பண்றது?

ஆஃப்ஸ்பின்77:
கும்பகோணம் பக்கம் நாங்க ஆடுற கிரவுண்டுல லாங் ஆன்ல, அதான் பவுலருக்குப் பின்னால பவுண்டரி ஓரமா, ஆக்காட்டிக் குருவி நாலு முட்டை வச்சிருக்கு. கூடுன்னு ஒண்ணும் கெடையாது, வெறுந்தரையில நாலு கூழாங்கல்லு, அவ்ளோதான். ரோலர் ஓட்டுறப்பதான் பாத்தோம், மயிரிழையில தப்பிச்சிது. அடுத்த சனி ஞாயிறு டென்னிஸ் பால் டோர்னமென்ட், 16 டீமு, என்ட்ரி ஃபீஸ் வாங்கியாச்சு ஃப்ளெக்ஸும் வச்சாச்சு, நேத்து ஒருத்தர் வந்து மேட்ச் நடந்துச்சுன்னா வனத்துறைக்கு போன் போடுவேன்னுட்டு போறாரு. நாங்க என்ன அவிச்சா திங்கப் போறோம்? கூடையில எடுத்து ஓரமா வச்சுட்டா முடிஞ்சிது. தப்பா?

வடவாறு:
தப்பு தம்பி. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கிற சொல்லுக்குள்ளயே காட்டுப் பறவை முட்டைய சேதப்படுத்துறது, கூட்டக் கலைக்கிறது எல்லாம் வந்துடும். சட்டத்த விடு, இடம் மாத்தி வச்ச முட்டையில திரும்ப வந்து உக்காரும்னு என்ன நிச்சயம்?

ஸ்லிப்புல_நிக்கிறவன்:
வந்துட்டாருய்யா. பறவைக்கு வடுவூர் இருக்கு, கரைவெட்டி இருக்கு, கோடியக்கரை இருக்கு. எங்க பசங்களுக்கு எங்க சரணாலயம்? இருக்கறது ஒரே திடல், அதுலயும் பாதி நாள் பொருட்காட்சி பந்தல், மீதி நாள் கட்சி மீட்டிங்.

வடவாறு:
வடுவூர் ஏரிக்கு வர்றது தண்ணிப் பறவைங்க. ஆக்காட்டி முட்டை வைக்க கட்டாந்தரைதான் வேணும். அறுப்பு முடிஞ்சி ஜூன் 12 மேட்டூர் தொறக்குற வரைக்கும் காஞ்சு கெடக்குற வயல்ல அது பாட்டுக்கு பொரிச்சிட்டு போயிட்டிருந்திச்சு. அதே வயல்லதான் நாங்களும் குச்சி நட்டு ஆடுனோம். வெயில் நேரத்துல வாய்க்கால்ல வயித்த நனைச்சிட்டு வந்து முட்டை மேல உக்காந்து குளிர வைக்கும், அத கண்ணால பாத்தவன் நான். இப்ப அந்த வயலெல்லாம் கல்லு நட்டு மனை. அது எங்க போவும்?

ஸ்லிப்புல_நிக்கிறவன்:
அதையேதான் அண்ணே நாங்களும் கேக்குறோம், நாங்க எங்க போறது??

மாயவரத்துக்காரி:
சண்ட போடாதீங்கப்பா. 2018ல கனடா ஒட்டாவால ஒரு பெரிய பாட்டுத் திருவிழா, மேடை போடுற இடத்துல நம்ம ஆக்காட்டிக்கு சொந்தக்காரக் குருவி ஒண்ணு இதே மாதிரி நாலு முட்டை வச்சிருச்சு. அரசாங்கத்துல அனுமதி வாங்கி, தெரிஞ்ச ஆள வச்சு கொஞ்சம் கொஞ்சமா கூட்ட நகர்த்துனாங்க, தாயும் கூடவே வந்துச்சு.

ஸ்லிப்புல_நிக்கிறவன்:
நம்மூர்ல அனுமதிக்கு மனு போட்டா, பதில் வர்றதுக்குள்ள குஞ்சு பேரன் பேத்தி எடுத்துரும்.

வடவாறு:
அதான் முட்டைய தொடாதங்கிறேன். பிட்ச்ச அந்தாண்ட தள்ளிப் போடு, கூட்ட சுத்தி கயிறு கட்டு. அடைகாக்குறதே 28, 30 நாளுதான், பொரிச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல குஞ்சு எழுந்து நடந்துரும்.

ஆஃப்ஸ்பின்77:
பாத்தே பதினஞ்சு நாளாச்சு. கயித்துக்குள்ள பந்து போனா டூ டி, ஓடாமலே ரெண்டு ரன்னு, குடுத்துடலாம். கேட்ச்சு?

ஸ்லிப்புல_நிக்கிறவன்:
உள்ள போயி புடிச்சா நாட் அவுட்டாம்! ஃபைனல்ல கடைசி ஓவர்ல இத சொல்லிப் பாரு, ஸ்டம்ப்பப் புடுங்கி அடிப்பானுவ.

வடவாறு:
பந்து கூட பரவால்ல, பிரியாணி பொட்டலம்தான் எமன். அங்கங்க போட்டீங்கன்னா காக்காயும் நாயும் வரும், முட்டை காலி. ஸ்பீக்கரையும் அந்தப் பக்கம் கட்டாத.

ஸ்லிப்புல_நிக்கிறவன்:
அடுத்து கைதட்டக் கூடாதும்பீங்க. நம்ம ஓட்டு டோர்னமென்ட்டுக்குத்தான்.

ஆஃப்ஸ்பின்77:
சோறு ஸ்பீக்கர் ரெண்டையும் கேட் பக்கம் மாத்திடறேன், ராத்திரி கமிட்டில பேசுறேன். ஆனா லாங் ஆன்ல நிக்க எவன் வருவான்னுதான் தெரியல, நேத்து கயிறு கட்ட அளந்துட்டு இருந்தேன், கத்திகிட்டே ரெண்டு தடவ தலைய உரசுற மாதிரி வந்துட்டு போச்சு.