ஜப்பானில் ஒரு செமஸ்டர்: படிப்பா, சுற்றுலாவா?

தைப்பிங் மழை:
2024 செப்டம்பரில் ஜப்பானின் த்சுகுபா பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே கிளை திறந்துவிட்டது. ஜப்பானியப் பட்டத்தைக் கோலாலம்பூரிலேயே வாங்கலாம். அப்படியிருக்க, ஒரு செமஸ்டர் மட்டும் ஜப்பானுக்குப் போய்வரும் மாணவர் பரிமாற்றத்துக்கு இன்னும் ஏன் இத்தனை ஆரவாரம்? இதற்காகப் பல்கலைக்கழகங்கள் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பல, துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. மாணவர்கள் போனாலும் அது சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை மாதிரிதான். 1982இல் அப்போதைய பிரதமர் மகாதீர், ஜப்பானைப் பார்த்துக் கற்கும் கிழக்கு நோக்கும் கொள்கையைத் தொடங்கியபோது அனுப்பிய விதமே வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு ஜப்பானிய மொழியும் கணிதமும் அறிவியலும் படித்த பிறகுதான் விமானம் ஏற்றினார்கள். அங்கே முழுப் பட்டம் முடித்துத் திரும்பினார்கள். நான்கைந்து மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

ஈப்போ தேன்மொழி:
மழை அண்ணே, முழுப் பட்டத்தையும் ஒரு செமஸ்டரையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். கிழக்கு நோக்கும் கொள்கையில் போனவர்களுக்குச் செலவு முழுக்க அரசாங்கத்துடையது. அந்த இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? ஜப்பானிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சொந்தக் காசில் சேர்ந்தால், வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு 535,800 யென். முதல் ஆண்டில் சேர்க்கைக் கட்டணம் 282,000 யென் தனி. பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவர் இவை இரண்டையும் கட்ட வேண்டியதில்லை. இங்கே நம் பல்கலைக்கழகத்துக்கு எப்போதும் கட்டுவதைக் கட்டினால் போதும். நான் உயிர்த்தொழில்நுட்பம் படித்தபோது இந்த வழியில்தான் போனேன். அப்பா லாரி ஓட்டுநர். வேறு எந்தக் கதவும் எங்கள் வீட்டுக்குத் திறந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
தேன்மொழி, கட்டணம் இல்லை என்பது பாதிக் கணக்கு. ஜப்பானிய மாணவர் சேவை அமைப்பான ஜாஸ்ஸோ தரும் உதவித்தொகை மாதம் 80,000 யென், அதாவது ஏறக்குறைய 2,000 ரிங்கிட். ஆனால் தேர்வான எல்லாருக்கும் அது வருவதில்லை. வந்தாலும், மாதாமாதம் அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் பணம் விழும். முதல் தவணை வருவதற்குள் விமான டிக்கெட், விடுதி முன்பணம், சுகாதாரக் காப்புறுதி, போர்வை மெத்தை எல்லாம் கைக்காசில் போய்விடும். பகுதிநேர வேலைக்கு வாரம் 28 மணிநேரம் அனுமதி உண்டுதான். ஜப்பானிய மொழி தெரியாதவரை முதல் மாதமே யார் வேலைக்கு எடுப்பார்? பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இந்த ஆரம்பச் செலவுக்கு நகையைத்தான் அடகு வைக்கிறார்கள். "இலவசம்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தைப்பிங் மழை:
பணத்தை விடுங்கள், பாடம்? அங்கே படித்ததை இங்கே கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்கான பாடப் புள்ளியாக, மாற்ற வேண்டுமானால், பாடத்திட்டம் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும் என்று நம் துறைகள் கேட்கின்றன. ஜப்பானில் ஒரு கிரெடிட் என்றால் வீட்டில் படிப்பதையும் சேர்த்து 45 மணிநேரம், மலேசியாவில் 40. மணிக்கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், பாடம்தான் ஒத்துப்போவதில்லை. பரிமாற்ற மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் நடத்துவது பெரும்பாலும் "ஜப்பானியச் சமூகம் ஓர் அறிமுகம்" மாதிரியான வகுப்புகள். திரும்பி வந்து பார்த்தால் கட்டாயப் பாடம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும், படிப்பு ஒரு செமஸ்டர் நீளும். அந்த நீட்டிப்புச் செலவையும் கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

ஈப்போ தேன்மொழி:
இது உண்மையான சிக்கல், மறுக்கவில்லை. ஆனால் போவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் பாட ஒப்பீட்டுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பலர் அங்கே போய் இறங்கிய பிறகுதான் மின்னஞ்சல் அனுப்பவே தொடங்குகிறார்கள்.

அப்புறம், வகுப்புப் பரிமாற்றம் வேறு, ஆய்வகப் பரிமாற்றம் வேறு. ஜப்பானில் அறிவியல், பொறியியல் மாணவர்கள் நான்காம் ஆண்டில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்துவிடுவார்கள். அதன்பின் காலை முதல் இரவு வரை வாழ்க்கையே அங்கேதான். அப்படி ஓர் ஆய்வகத்தில் என்னைச் சேர்த்தார்கள். வழிகாட்ட ஒரு முதுகலை மாணவர். வாரம் ஒருநாள் எல்லார் முன்னாலும் நின்று, அந்த வாரம் செய்ததையும் சொல்ல வேண்டும், செய்யத் தவறியதையும் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழாய் கழுவுவதிலிருந்து கருவிக்கு முன்பதிவு எழுதுவதுவரை ஒழுங்கு. என் இறுதியாண்டு ஆய்வு அங்கேதான் உருவானது, கிரெடிட்டும் சிக்கலில்லாமல் ஏறியது. வகுப்புக்காக மட்டும் போவதென்றால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆய்வகம் என்றால் ஏற்கமாட்டேன்.

கோலசிலாங்கூர் வாத்தியார்:
இடையில் ஒரு பழைய கதை. தென்கிழக்காசிய மாணவர்களை ஜப்பான் வரவழைப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. போர்க்காலத்தில், 1943, 44இல், ஏறக்குறைய 200 இளைஞர்களை "தெற்குப் பகுதிச் சிறப்பு மாணவர்கள்" என்று கூட்டிப்போனார்கள். அரச குடும்பத்தார், பெரிய இடத்துப் பிள்ளைகள் பலர். நோக்கம், நாளைய தலைவர்களைத் தங்கள் பக்கம் வளர்ப்பது. அவர்களில் சிலர் 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். மலாயாவைச் சேர்ந்த நிக் யூசோப்பும் சையத் ஓமாரும் அணுகுண்டுக்குப் பலியானார்கள். ஓமாரின் கல்லறை கியோத்தோவின் என்கோஜி கோயிலில் இருக்கிறது. உயிர் தப்பிய பெங்கீரான் யூசோப் பிற்காலத்தில் புருணையின் முதலமைச்சரானார்.

அதே 1943இல் நம் தோட்டத்து ஆட்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமல்லவா? சயாமுக்கும், அதாவது தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் இடையே ஜப்பானியப் படை கட்டாய வேலை வாங்கிப் போட்ட மரண ரயில் பாதையில். பல்லாயிரம் தமிழர் போனார்கள், திரும்பாதவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. மேல்தட்டுப் பிள்ளைக்குத் தோக்கியோ, தோட்டத்துப் பிள்ளைக்குச் சயாம். ஆகவே இந்த மாதிரித் திட்டங்களைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
ஐயா, நல்ல கேள்வி. இன்றைக்கும் தகவல் முதலில் யார் காதில் விழுகிறதோ அவர்தான் போகிறார். அறிவிப்பு வந்து பத்து நாளில் விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. கடப்பிதழே எடுக்காத பிள்ளை என்ன செய்யும்?

ஈப்போ தேன்மொழி:
வாத்தியார் சொன்னதை யாரும் மறக்கக் கூடாதுதான். ஆனால் கதை 1945இல் நிற்கவில்லையே ஐயா. 1974 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் தனாக்கா வந்தபோது பேங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் மாணவர்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள், ஜகார்த்தாவில் அது கலவரமாகவே ஆனது. பொருளை விற்கிறீர்கள், எங்களை மதிப்பதில்லை என்ற கோபம். அதற்குப் பிறகுதான் 1977இல் பிரதமர் புக்குடா மணிலாவில் மனத்துக்கு மனம் உறவு என்று பேசினார். பரிமாற்றங்கள் பெருகியதில் அந்த அடிக்கும் பங்கு உண்டு.

தைப்பிங் மழை:
மனத்துக்கு மனம் என்றால் இரண்டு பக்கமும் போக வேண்டும். ஜப்பானிலிருந்து எத்தனை பேர் முழு செமஸ்டர் இங்கே தங்குகிறார்கள்? கோவிட்டுக்கு முன், 2018 கல்வியாண்டில், வெளிநாடு போன ஜப்பானிய மாணவர்கள் 115,146 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரு மாதத்துக்கும் குறைவாகத் தங்கியவர்கள். காரணமும் தெரிந்ததுதான். மூன்றாம் ஆண்டிலேயே வேலை தேடும் படலம் தொடங்கிவிடுகிறது, அந்த நேரத்தில் ஊரைவிட்டு நகர்ந்தால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம். கட்டண விலக்கு என்பது நீ ஒருவரை அனுப்பு, நான் ஒருவரை அனுப்புகிறேன் என்ற கணக்கு. அவர்கள் பக்கம் ஆள் வராவிட்டால் நம் பக்க இடமும் சுருங்கும்.

இன்னொன்று. கோவிட் காலத்தில் ஜப்பான் மாணவர்களுக்குக் கதவை அடைத்தது. 2021 நவம்பரில் கொஞ்சம் திறந்து, மாதம் முடிவதற்குள் மறுபடி சாத்தி, 2022 மார்ச்சில்தான் ஒழுங்காகத் திறந்தது. அதுவரை திரை வகுப்பிலேயே படிப்பை முடித்தவர்கள் உண்டு. கோலாலம்பூர் வளாகத்தை ஆதரிக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஈப்போ தேன்மொழி:
கதவடைப்பு அநியாயம்தான், அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் கோலாலம்பூர் வளாகத்தில் படிக்கும் பிள்ளை தினமும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவாள். சப்போரோவில் ஜனவரி பனியில் குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போடுவது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் திட்டு வாங்கிக் கற்கும் பாடம் அங்கே கிடைக்காது.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று நான் நினைப்பது ஜப்பானியர்கள்கூட இல்லை. எங்கள் விடுதி மாடி முழுக்கத் தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் பிள்ளைகள். மலேசியாவில் இருந்தவரை எல்லையை ஒட்டிய தாய்லாந்து நகரான ஹாட்யாய் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. ஆசியான் நாடுகளுக்குள் மாணவர்களை அனுப்பும் எய்ம்ஸ் என்ற திட்டம் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றோடுதான் தொடங்கியது, ஜப்பான் 2013இல் சேர்ந்தது. உண்மையில் அதில் ஜப்பான் சேராமலே நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஜப்பான் போய்த்தான் அண்டை வீட்டைப் பார்த்தேன்.

தைப்பிங் மழை:
இது என் கட்சிக்குத்தான் ஆதரவு, தங்கச்சி. தாய்லாந்தைத் தெரிந்துகொள்ள ஜப்பான் எதற்கு? பேருந்து ஏறினால் போதாதா?

கோலசிலாங்கூர் வாத்தியார்:
பேருந்து எப்போதும் இருந்தது, தம்பி. நீங்கள் ஏறினீர்களா?

கணக்குப்பிள்ளை:
சண்டையை நிறுத்தி, விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது சொல்வோம். அக்டோபர் தொடக்கம் நம் செமஸ்டரோடு ஒத்துப்போகும். ஏப்ரல் தொடக்கம் ஒத்துப்போகாது, இங்கே மார்ச்சிலேயே வகுப்பு தொடங்கிவிடும். தோக்கியோ பல்கலைக்கழகம் 2012இல் மொத்தச் சேர்க்கையையும் இலையுதிர் காலத்துக்கு மாற்றிவிடலாமா என்று பேசிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களோ 2014இல் கல்வியாண்டை ஆகஸ்டுக்குத் தள்ளின. நாள்காட்டி மாறும் என்று காத்திருக்காமல் அக்டோபரையே பிடியுங்கள்.

தைப்பிங் மழை:
நானும் ஒன்று சேர்க்கிறேன். அனைத்துலக அலுவலகத்துக்குப் போய், இந்த ஒப்பந்தத்தின் கீழ் கடந்த மூன்று ஆண்டில் உண்மையிலேயே எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு உதவித்தொகை கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிரெடிட் ஏறியது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அது படத்துக்காகப் போட்ட ஒப்பந்தம். தேன்மொழி மாதிரி ஆய்வகம் கிடைத்தால் போங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வகுப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன், இன்னமும்.

ஈப்போ தேன்மொழி:
அந்தக் கேள்விகளோடு நான்காவதாக ஒன்று: போய்வந்தவர்கள் இருவரின் தொடர்பு எண். அலுவலகம் தராவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஆய்வகப் பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சல் எழுதுவது எப்படி என்று சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.