பச்சை உடம்பு என்றோம், நடக்க வைத்தார்கள்

காசிமேட்டுக்காரன்:
அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி, ஆபரேஷன். முந்தின நாள் மயக்க டாக்டர் சொன்னதைக் கேட்டு பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆறு மணி நேரம் முன்பு வரை இட்லி சாப்பிடலாம், இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீரோ பால் கலக்காத டீயோ குடிக்கலாம் என்றார். "ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி கூடாதும்பாங்களே?" பால் மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வருமாம், வயிற்றை விட்டு இறங்க நேரமாகும்.

ஆபரேஷன் முடிந்த அன்று சாயந்திரமே சிஸ்டர் வந்தார், அம்மாவை உட்கார வைக்க. பெரியம்மா கட்டிலுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். "பச்சை உடம்பும்மா, தையல் பிரிஞ்சா யார் பதில் சொல்றது?" சிஸ்டர் வாதாடவில்லை. ஒரு தலையணையை அம்மா கையில் கொடுத்து, வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, காலைத் தொங்கப்போட வைத்தார். மறுநாள் வராண்டாவில் நடை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி சேரும் என்றார்கள்.

அப்புறம் சூயிங்கம்! காலமெல்லாம் வெற்றிலை போட்ட வாய்க்கு அது பிடிக்கவேயில்லை. அதை மென்றுகொண்டே இருந்தால், சாப்பாடு வருகிறது என்று நம்பிக் குடல் அசைய ஆரம்பிக்குமாம். காற்று பிரிந்ததும் வார்டே கேட்கும்படி பெரியம்மாதான் அறிவித்தார்.

ஒன்று மட்டும் பயமுறுத்தியது. சர்க்கரை வியாதியே இல்லாத அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. இது ஏன்?

தண்டையார்பேட்டை மருமகள்:
கொடுத்துவைத்தவர்கள். எங்கள் மாமனாருக்குக் குடலிறக்கம், காலை முதல் கேஸ் என்று பட்டினி போட்டார்கள். கூப்பிட்டது மதியத்துக்கு மேல். மனுஷன் கத்தியைவிடத் தாகத்தைத்தான் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

வார்டு நர்ஸ், பெரம்பூர்:
சர்க்கரை ஏறத்தான் செய்யும். கத்தி பட்டதை உடம்பு பெருங்காயமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கார்டிசோல், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் எகிறும்; கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும்; இன்சுலின் சரியாக வேலை செய்யாது; தசையும் கரையும். பட்டினி, வலி, படுக்கை மூன்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களில் இதையெல்லாம் சேர்த்துத் தடுக்கலாம் என்று காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் நீங்கள் பார்த்த முறை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக டீ கொடுத்துவிடாதீர்கள். அவசர ஆபரேஷனுக்கும், நாள்பட்ட சர்க்கரையால் வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கும் கணக்கு வேறு.

காசிமேட்டுக்காரன்:
நன்றி சிஸ்டர். முட்டை, மீன் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று வீட்டில் தடை போட்டிருக்கிறார்கள்.

வார்டு நர்ஸ், பெரம்பூர்:
காசிமேட்டில் இருந்துகொண்டு மீனுக்குத் தடையா! சீழ் வைப்பது கிருமியால், மீனால் இல்லை. காயம் ஆறவும் கரைந்த தசை திரும்பவும் புரதம் வேண்டும். டாக்டர் வழக்கமான சாப்பாட்டுக்குச் சரி சொல்லியிருந்தால் காரம் குறைத்துச் சுறாப்புட்டு கொடுங்கள். பெரியம்மாவையே செய்யச் சொல்லுங்கள்.