பொன்ட்கசல்தே நீர்ப்பாலம்: டெல்ஃபோர்டா, ஜெசப்பா?

சுக்கான்பிடி:
வேல்ஸில் ட்ரெவரிலிருந்து ஒருநாள் நேரோபோட் (கால்வாயில் ஓட்டும் ஒடுங்கலான நீளப் படகு) வாடகைக்கு எடுத்துப் போன கதையை நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அதில், டீ நதிக்கு மேலே கால்வாயையே தூக்கிச் செல்லும் பொன்ட்கசல்தே, "தாமஸ் டெல்ஃபோர்டு தனியொருவராகக் கட்டிய பாலம்" என்று ஒரு வரி. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எல்ஸ்மியர் கால்வாய்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஜெசப். டெல்ஃபோர்டு அவருக்குக் கீழே. ஜெசப் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே, ஏன்?

டீக்கரை:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 38 மீட்டர் உயரம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும். மறுபக்கம் தொட்டி விளிம்பைத் தவிர எதுவும் கிடையாது, எட்டிப் பார்த்தால் நேரே கீழே டீ நதி. அங்கே நின்றவனுக்கு ஜெசப் ஞாபகம் வராது. டெல்ஃபோர்டு கட்டினார், எழுதினேன்.

சுக்கான்பிடி:
முதலில் போட்ட திட்டம் என்ன தெரியுமா? தாழ்வாக ஒரு கல்பாலம், இரு கரையிலும் லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) வழியாக இறங்கி ஏறுவது. அதை விட்டுவிட்டு உயரத்தில் கால்வாய் நீர் ஓட இரும்புத் தொட்டி வைக்கலாம் என்று 1795 ஜூலையில் கம்பெனிக்கு அறிக்கை கொடுத்தவர் ஜெசப். பாலம் இடிந்திருந்தால் உருண்டிருப்பது ஜெசப்பின் தலை. புகழ் மட்டும் டெல்ஃபோர்டுக்கா?

இரும்புராசு:
அறிக்கை கொடுத்தவரெல்லாம் கட்டியவரா சார்? இங்கிலாந்தின் லாங்டனில் வெள்ளம் கொண்டுபோன கல்பாலத்துக்குப் பதிலாக இரும்புத் தொட்டி வைத்தவர் டெல்ஃபோர்டு. பொன்ட்கசல்தேக்கு வழி காட்டியதே அதுதான். 1805 நவம்பரில் திறக்கும்வரை வேலையைப் பார்த்தவரும் அவர்தான்.

சுக்கான்பிடி:
லாங்டன் திறந்தது 1797. ஜெசப் அறிக்கை 1795. விரல்விட்டு எண்ணுங்கள். டெர்பியில் பெஞ்சமின் அவுட்ரம் இரும்புத் தொட்டிப் பாலம் வைத்தது லாங்டனுக்கும் முன்னால், 1796-இல். அந்த அவுட்ரம் யாருடைய கூட்டாளி? பட்டர்லி இரும்புக் கம்பெனியில் ஜெசப்பின் கூட்டாளி!

வார்ப்படம்:
இரும்பு வார்த்த ஹேசல்டைன், கல்வேலையை மேற்பார்த்த மேத்யூ டேவிட்சன் இருவரையும் மறந்துவிட்டீர்கள். 18 தூண்கள் தாமாக எழும்பவில்லை. திட்டம் போட்டவர், பொறுப்பேற்றவர், கூடவே நின்று எழுப்பியவர், இதில் யாரைக் கேட்கிறீர்கள்?

சுக்கான்பிடி:
ஹேசல்டைனுக்குத் தனி இழை போடுங்கள். இங்கே கேள்வி ஜெசப்.

படகுவாசி:
டீக்கரை தம்பி, ஜெசப் இருக்கட்டும். நீங்கள் போட்ட படத்தில், நிறுத்தியிருக்கும் படகுகளை ஒட்டி அலை எழும்புகிறது. மணிக்கு 4 மைல் என்பது உச்சவரம்பு. நின்ற படகைத் தாண்டும்போது நடைவேகத்துக்கும் கீழே வர வேண்டும். நான் படகிலேயே குடியிருக்கிறேன். ஒருநாள் படகுக்காரர்கள் போகிற வேகத்தில் படகைக் கட்டக் கரையில் அடித்த முளை பிடுங்கிக்கொண்டு வருகிறது, அடுப்பில் வைத்த பாத்திரம் கவிழ்கிறது.

டீக்கரை:
அக்கா, எதிரே 70 அடிப் படகு வந்தது. ஒதுங்கக் கொஞ்சம் வேகம் கொடுக்காமல் சுக்கான் பேசாது. வாடகைக்கு எடுத்தவன் என்றாலே குற்றவாளியா? எங்களைப் போன்றவர்கள் வராவிட்டால் அந்தக் கால்வாயை யார் பார்ப்பது?

படகுவாசி:
2009-இல் யுனெஸ்கோ பாலத்தோடு சேர்த்து அந்தக் கால்வாயின் 18 கிலோமீட்டரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. நிதானத்துக்குத்தான் குறை.

இரும்புராசு:
சுக்கான்பிடி சாருக்கு இது வழக்கம்தான். கால்வாய் அதிகம் பர்மிங்காமிலா வெனிஸிலா என்ற இழையிலும் கடைசிப் பதிவு தன்னுடையதாக இருக்கும்வரை விடவில்லை.

சுக்கான்பிடி:
அந்த இழையில் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள். டெல்ஃபோர்டு பெயரில் ஒரு நகரமே இருக்கிறது, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கல்லறை இருக்கிறது. ஜெசப் 1814-இல் போய்விட்டார். 1838-இல் வந்த டெல்ஃபோர்டின் சுயசரிதையில் இந்தப் பாலத்துக்கான புகழில் ஜெசப்புக்குப் பங்கே இல்லை. அந்த அநியாயத்தைத் தமிழிலும் தொடர வேண்டுமா? அந்த வரியை மாற்றுங்கள்.

டீக்கரை:
மாற்ற மாட்டேன். கட்டியவர் டெல்ஃபோர்டு.

சுக்கான்பிடி:
தலைமைப் பொறியாளர் ஜெசப்.

இரும்புராசு:
லாங்டன் சார், லாங்டன்!

சுக்கான்பிடி:
1797!