நெல் மில்லில் ஏழு மாதம்

கலைஞர்கள் சேர்ந்து வாழ ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று பலர் ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அதைச் செய்தே பார்த்தோம். ஏழு மாதம் தாங்கியது.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மூடிக் கிடந்த நெல் மில் ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. நான் ஓவியம், ஒருவர் மரச் சிற்பம், ஒரு தம்பி தவில், ஒரு அக்கா நாடகம். உயரமான ஓட்டுக் கூரை, வடக்குப் பக்கம் முழுக்க வெளிச்சம். பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். சமையலறை எங்கே என்று அக்கா மட்டும் கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

ஆவணியில் குடியேறினோம். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கியது. கூரை ஓடுகளைத் தூக்கிவிட்டு உள்ளே வரும் காற்று அது. ஈரம் காயாத ஆயில் பெயிண்டில் மரத்தூள் படிந்து, என் படங்கள் மூன்று உப்புத்தாளாகிவிட்டன. மாசியில் கிணறு வற்றியது. பெயருக்குத்தான் இது கேரளம், மழை என்னவோ கோவைக் கணக்குதான். டேங்கர் தண்ணீர்க் காசு யார் தருவது என்று வந்ததுதான் கடைசிச் சண்டை. கலையைப் பற்றி ஒருநாள்கூட நாங்கள் முறைத்துக்கொண்டதில்லை.

அப்புறம் ஒருமுறை சென்னை போனபோது ஈஞ்சாம்பாக்கத்தில் சோழமண்டலம் பார்த்தேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய கலைஞர் கிராமம். (அவர் பிறந்தது கோவையில்தான்.) பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கியிருக்கிறார்கள். அங்கே படங்களைவிட வீடுகளைத்தான் நின்று பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் தனி வீடு!

*

அண்ணா, உங்கள் மரத்தூளைப் படித்ததும் என் பானை நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு ஊர் நகரி. காளஹஸ்தியில் கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் படம் எழுதும் கலை, கற்றபோது ஒரு சங்கீத மாணவியோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தேன். கறுப்புச் சாயத்துக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் ஊற வைப்போம். நாறத்தான் செய்யும். துணியைக் கடுக்காயும் பாலும் சேர்த்து நனைப்பதால் வீடு முழுக்கப் புளித்த பால் வாடை வேறு.

நான் ஊருக்குப் போன சமயம், கெட்டுப்போன தண்ணீர் என்று நினைத்துப் பானையைக் கழுவி, பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தாள். பதினேழு நாள் ஊறியது! இரும்பு எங்கே என்றேன். தெருவில் வந்தவரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருக்கிறாள். எனக்கும் பாதி எடுத்து வைத்திருந்தாள், எப்படித் திட்டுவது?

*

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று, தங்கச்சி. நாங்கள் இன்னும் விடவில்லை. பழைய நால்வரில் மூவர் சேர்ந்து அரை ஏக்கர் பார்த்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு சின்ன வீடு, ஆளுக்கு ஒரு அடுப்பு. காற்று கிழக்கிலிருந்து வருவதால் மரப்பட்டறை மேற்குக் கோடியில். பொதுவுக்கு, கம்பன் பாட்டுப் பாடித் தோல்பாவை ஆட்டும் கூத்துமாடம் மாதிரி நீளமாக ஒரு கொட்டகை, அவ்வளவுதான். சாயப்பானை வைக்க உங்களுக்கும் ஒரு மூலை தரலாம், மூடி போட்டு வைப்பதானால்.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வருகிறார். தண்ணீர் இல்லையென்றால் அந்த இடமே வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.