சுரபுன்னையில் தொங்குவதற்கு என்ன பெயர்? ‘ஈன்கன்று’ பற்றி

அனைவருக்கும் வணக்கம். சுரபுன்னை, கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம். அதன் கிளையில் தொங்குவதைக் காட்டும் படத்தின் கீழ், அலையாத்திக் கையேட்டில் என்ன பெயர் எழுதுவது என்பது கேள்வி. அதற்கு வந்த கருத்துகளும் என் பதில்களும் கீழே.

> ‘விதை’ என்றே எழுதிவிடலாமே ஐயா, படிப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கழிமுகத்துக்குள் படகில் போனபோது சுரபுன்னைக் கிளையில் தொங்கிய ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. முழங்கை நீளம். பச்சை உடம்பு முழுக்கச் சொரசொரவென்று பழுப்புப் புள்ளிகள். காயிலிருந்து கழன்ற மேல்முனையில் கூரான சின்னக் குருத்து. விதைக்குக் குருத்து ஏது? கிளையில் இருக்கும்போதே முளைத்து, காயைத் துளைத்து வெளியே வந்து, மாதக்கணக்கில் தாய்மரத்திடம் உணவு வாங்கி வளர்ந்த செடி அது. உப்பும் காற்றில்லாச் சேறுமான இடத்தில் வெறும் விதை பிழைப்பது கடினம். மரம் பிள்ளையை வளர்த்தே அனுப்புகிறது. கரைச்சேற்றில் விழுந்த இன்னொன்றை ஒரு நண்டு வளைப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் பிழைத்துவிடுவதில்லை.

> ‘தொங்குநாற்று’?

காதுக்கு இனிமைதான், அம்மா. ஆனால் விழுந்த பிறகு? நீரில் படுத்தபடி நாள்கணக்கில் மிதக்கும்; அடி கனத்ததும் நிமிரும்; சேறு தட்டினால் வேர்விடும். அப்போது அது எங்கும் தொங்கவில்லை. தவிர, நாற்று என்றால் பாவிப் பறித்து நடுவது. இங்கே பறிப்பவரும் இல்லை, நடுபவரும் இல்லை.

என் முன்மொழிவு: பொருளுக்கு ‘ஈன்கன்று’, நிகழ்வுக்குக் ‘கன்றீனல்’. பசுவும் கன்று ஈனும். வாழையும் குலை ஈனும். கன்று என்பது மாட்டுக்கும் மரத்துக்கும் பொது. ஓரறிவு உயிரின் இளமைக்கு அந்தப் பெயரைத் தொல்காப்பிய மரபியலே ஒப்புகிறது. முதலில் ‘ஈன்நாற்று’ என்றுதான் நினைத்தேன். புணர்ந்தால் ‘ஈனாற்று’ ஆகி ஆற்றுக்கு இழுக்கிறது, விட்டுவிட்டேன். ஈன்கன்று வினைத்தொகை. ஈன்ற, ஈன்கின்ற, ஈனும் என்று முக்காலமும் உள்ளே இருப்பதால் கிளையில் இருப்பதற்கும் பொருந்தும், மிதப்பதற்கும் பொருந்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடித்துப்போயிற்று.

> வெண்கண்டலில் ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டு தெரியாதே?

நல்ல கேள்வி. வெண்கண்டலும் ஓர் அலையாத்தி மரம்தான். அதிலும் கரு மரத்திலேயே முளைத்துவிடுகிறது. கனியின் தோலை மட்டும் கிழிப்பதில்லை. தோலோடு விழும், நீரில் ஊறியதும் தோல் கழன்று, மடிந்த இரண்டு தடித்த வித்திலைகள் தெரியும். எனவே அதுவும் ஈன்கன்றே. நிகழ்வை ‘மறைகன்றீனல்’ என்று பிரிக்கலாம்.

ஒரு வரம்பு. கிழங்கு, சிதல் (ஸ்போர்), ஒடித்து நட்ட தண்டு என எதிலிருந்தெல்லாம் செடி பரவுமோ அவை எல்லாவற்றுக்கும் தாவரவியலில் பொதுச்சொல் ஒன்று உண்டு. அதற்கு ஈன்கன்றை நீட்ட வேண்டாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

அலையாத்திக் கையேட்டில் அந்தப் படத்தின் கீழ் இப்போதைக்கு ‘சுரபுன்னையின் ஈன்கன்று’ என்று எழுதியிருக்கிறேன். சந்தியில் பிழை தெரிந்தால் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.